கேட்டால் கொடுத்துவிடுகிறவர்கள்

எங்கள் வங்கியில் எனக்கு 'சர்க்குலர் சாமி' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. நான் ஒரு கிளைக்குள் ஆய்வுக்காக நுழைந்த ஐந்தாவது நிமிடம் பக்கத்து ஊர்க் கிளைக்குப் போகும் போனில் அந்தப் பெயர்தான் போகும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். உள்ளூர அதில் ஒரு பெருமையும் இருந்தது. 1983-ல் எழுத்தராகச் சேர்ந்து, தேர்வெழுதி அதிகாரியாகி, பணிக்காலத்தின் பின்பாதியை ஆய்வுத் துறையில் கழித்தவன் நான். கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, மாயவரம் என்று லாட்ஜ் லாட்ஜாகத் தங்கி, ஷட்டர் தூக்குவதற்கு முன்பே கிளை வாசலில் போய் நிற்பேன். கல்லாப் பணத்தை எண்ணுவது, நகைப் பொட்டலங்களைச் சரிபார்ப்பது, வவுச்சர்களைப் புரட்டுவது, யார் எந்த விதியை எங்கே மீறினார்கள் என்று எழுதிக் கொடுப்பது. இதுதான் பிழைப்பு.

ஓய்வு பெற்ற பிறகு ஊழியர் பயிற்சி மையத்தில் புதிய அதிகாரிகளுக்கு வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள். அங்கே உளவியல் பாடம் நடத்த வந்த பேராசிரியர் ஒருவர் மாணவர்களுக்குக் கொடுத்த கேள்வித்தாளில் ஒன்றை என்னிடமும் நீட்டினார். "நீங்களும் எழுதிப் பாருங்களேன் சார், சும்மா." மனிதர்களின் குணத்தை ஐந்து அளவுகோல்களில் பிரித்துப் பார்க்கும் தாள் அது. புதியவற்றில் நாட்டம், கடமையுணர்வு, கலகலப்பு, இணக்கம், எளிதில் கலங்கும் தன்மை என்று அந்த ஐந்தையும் தமிழில் சொல்லலாம். எனக்குக் கடமையுணர்வும் இணக்கமும் உச்சத்தில் வந்தன. பேராசிரியர் சிரித்தார். "நீங்க விதி மீறுற ஆளே இல்லைன்னு தாளே சொல்லுது சார்." அன்று சாயங்காலம் வீட்டில் மனைவியிடம்கூடச் சொல்லிக்கொண்டேன்.

வகுப்பெடுக்க வேண்டுமே என்பதற்காக அந்தத் துறையில் கொஞ்சம் படிக்க ஆரம்பித்தேன். பணியிட விதிமீறல்களை முறையாக வகைப்படுத்தியவர்களில் சாண்ட்ரா ராபின்சன், ரெபெக்கா பென்னெட் என்ற இருவர் முக்கியமானவர்கள். 1995-ல் வெளியான அவர்களுடைய கட்டுரை மீறல்களை இரண்டு கேள்விகளால் பிரிக்கிறது. சிறியதா, பெரியதா? நிறுவனத்துக்கு எதிரானதா, சக மனிதருக்கு எதிரானதா? தாமதமாக வருவதும் வேலையை இழுத்தடிப்பதும் பொருளைத் திருடுவதும் ஒரு பக்கம். புறம் பேசுவது, அவமானப்படுத்துவது, மிரட்டுவது இன்னொரு பக்கம். கிறிஸ்டோபர் பெர்ரி, டெனிஸ் ஒனெஸ், பால் சாக்கெட் ஆகிய மூவரும் அதுவரை வந்திருந்த ஆய்வுகளை எல்லாம் 2007-ல் சேர்த்துப் பார்த்தார்கள். இணக்கம் குறைந்தவர்கள் சக மனிதர்களிடம் அத்துமீறுவது அதிகம், கடமையுணர்வு குறைந்தவர்கள் நிறுவனத்துக்கு எதிராக மீறுவது அதிகம் என்று கணக்கு வந்தது.

படித்தபோது எனக்கு வியப்பே இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஆய்வு எதற்கு? கிளைக்குள் நுழைந்ததும் நான் மேயவிடும் கண் இதைத்தானே செய்தது? வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை யார் பெயருக்கு நேரே இருக்கிறது, யார் மேலாளரிடம் எதிர்த்துப் பேசுகிறார், யார் மேஜை குப்பையாகக் கிடக்கிறது என்று பார்ப்பேன். அவருடைய வவுச்சர்களை முதலில் எடுப்பேன். பெரும்பாலும் ஏதாவது கிடைக்கும். தேடுகிற இடத்தில்தானே கிடைக்கும் என்ற யோசனை அப்போது வரவில்லை.

அப்படிக் கிடைத்தவர்களில் ஒரு காசாளர். தொழிற்சங்கத்தில் மும்முரமானவர். வாய் நீளம். காலையில் பத்து நிமிடம் தாமதம் என்பது அவருக்குத் தாமதமே இல்லை. நான் போன சமயத்தில் அவர் மேல் ஏற்கெனவே ஒரு புகார் இருந்தது. படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு ரயில்வே கேங்மேனின் பென்ஷன் பணத்தை, யாரிடமும் கேட்காமல், ஸ்கூட்டரில் எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பணம் எடுக்கும் படிவத்தில் பெரியவரின் விரல் ரேகையை அங்கேயே வாங்கியிருக்கிறார். கிளைப் பணம் அனுமதியில்லாமல் வாசற்படி தாண்டியது பெரிய மீறல். எழுதினேன். கூப்பிட்டுக் கேட்டபோது, "பணம் அவருக்குத்தானே போய்ச் சேரணும் சார்? சேர்ந்திடுச்சு. விதி வேற எதுக்கு?" என்றார்.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய நோக்கத்துக்கு விதியே வழி வைத்திருந்தது. கிளைக்கு வர முடியாத பென்ஷன்காரர் கை விரல் ரேகையோ, அதுவும் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகையோ வைக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். இது ரிசர்வ் வங்கி சொன்ன வழிமுறைதான். 2017-ல் இன்னும் ஒருபடி மேலே போய், 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே போய்ப் பணம் கொடுக்கும் வசதியைச் செய்துதர வேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டார்கள். காசாளர் பல வருடம் முந்திக்கொண்டுவிட்டார் என்று சொல்லலாம். இருந்தாலும் அந்தக் குறிப்பை இன்றைக்கு எழுதச் சொன்னாலும் எழுதுவேன். வழியில் ஸ்கூட்டரை மறித்து யாராவது பணத்தைப் பிடுங்கியிருந்தால், அவர் நல்லெண்ணத்துக்கு ஒரு சாட்சியும் கிடைத்திருக்காது. அந்த விதி வாடிக்கையாளரைக் காப்பாற்றுவதைவிடக் காசாளரைக் காப்பாற்றுகிறது.

ஆனால் அதே ஆய்வில் நடந்த இன்னொன்று இருக்கிறது. மேலாளர் என்னிடம் ஒரு குறையாகச் சொன்னார். "இந்த ஆளோட பெரிய தலைவலி சார். எனக்கு அவசர வேலை, கொஞ்சம் முன்னாடி கெளம்பணும், ஸ்ட்ராங் ரூம் சாவியை இந்தப் பையன்கிட்ட குடுத்துட்டுப் போங்க, அவன் பூட்டிடுவான்னா, முடியாதுங்கிறான். திமிர் புடிச்சவன்." காசாளரிடம் கேட்டேன். "சாவிப் பதிவேட்டுல எழுதச் சொல்லுங்க சார். நான் குடுத்தேன்னு நான் போடுறேன், வாங்கிக்கிட்டேன்னு அவங்க போடட்டும். வாய்ச் சொல்லுக்கெல்லாம் என் இடுப்புல இருக்கிற சாவி எறங்காது." பாதுகாப்பு அறைக்கு இரண்டு சாவி. ஒன்று காசாளரிடம், ஒன்று அதிகாரியிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். அந்த ஏற்பாட்டின் உயிரே இருவரும் தத்தம் சாவியை விட்டுக்கொடுக்காததில்தான் இருக்கிறது. அவர் விதியைக் காப்பாற்றியதை ஒரு மேலாளர் ஆய்வாளரிடமே புகாராகச் சொல்கிறார். ஆய்வாளரும் தலையாட்டிக்கொண்டே கேட்கிறார். என் அறிக்கையில் அந்தக் காசாளரைப் பற்றி 'மேலாளருடன் ஒத்துழைப்பு போதாது' என்றுதான் போயிற்று.

வங்கி ஊழியர்களின் ஒழுங்கு நடவடிக்கை பற்றிய இருதரப்பு ஒப்பந்தம் 2002-ல் கையெழுத்தானது. மேலதிகாரியின் உத்தரவை வேண்டுமென்றே மீறுவதைப் பெருங்குற்றமாகவே அது வைத்திருக்கிறது. ஆனால் எந்த உத்தரவையும் அல்ல. சட்டப்படியான, நியாயமான உத்தரவாக இருக்க வேண்டும். சாவியைக் கொடு என்று வாய்மொழியாகக் கேட்பது அந்தக் கணக்கில் வராது. இதை நான் வகுப்பில் சொன்னால் புதுப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். பல பேருக்கு அந்த இரண்டு சொற்கள் அங்கே இருப்பதே தெரியாது.

இனி இன்னொரு கிளை. அங்கே ஒரு பெண் அதிகாரி. கிளை முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். டிபன் பாக்ஸில் எல்லோருக்கும் சேர்த்துக் கொண்டுவருவார். யாருக்குக் குழந்தை பிறந்தாலும் மருத்துவமனையில் முதல் ஆளாக நிற்பார். குரலை உயர்த்தியே கேட்டதில்லை. கணினிமயமான பிறகு வங்கியில் ஒருவர் பதிந்த பரிவர்த்தனையை இன்னொருவர் பார்த்து அனுமதிக்க வேண்டும். அனுமதிக்கிறவரின் பாஸ்வேர்டு பழைய காலத்து இரண்டாவது சாவிதான், இடுப்பில் தொங்காது என்பதுதான் வித்தியாசம். அக்காவின் பாஸ்வேர்டு கிளையில் எல்லோருக்கும் தெரியும். மாதத் தொடக்கத்தில் பென்ஷன் வரிசை தெருவரை நிற்கும்போது, அக்கா மாடியில் நகைக்கடன் பார்த்துக்கொண்டிருப்பார். கீழேயிருந்து, "அக்கா, பாஸ் பண்ணணும்" என்று குரல் வரும். "நீயே போட்டுக்கப்பா" என்று பதில் போகும்.

இதை நான் எளிதாகக் குறை சொல்ல மாட்டேன். விதிகளை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தால் எந்த அலுவலகமும் நின்றுவிடும். தொழிலாளர்கள் அதையே போராட்ட முறையாக வைத்திருக்கிறார்கள், 'விதிப்படி வேலை' என்று. விதிப்படி வேலை செய்வதே போராட்டமாகிவிடுகிறது என்றால் மற்ற நாட்களில் எப்படி வேலை நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். வரிசையில் நிற்கிற எண்பது வயதுக் கிழவி மாடியிலிருந்து அக்கா இறங்கி வரும்வரை காத்திருக்க வேண்டுமா? ஆள் போதாத கிளையில் விதிமீறலுக்குப் பாதிக் காரணம் ஆள் போதாமைதான். ஆய்வாளரின் அறிக்கையில் அதற்குத் தனிப் பத்தி கிடையாது.

அந்தப் பாஸ்வேர்டைப் பயன்படுத்தி ஓர் எழுத்தர், வருடக்கணக்காக யாரும் தொடாத கணக்குகளிலிருந்து சிறிது சிறிதாகப் பணம் எடுத்திருந்தார். வாடிக்கையாளர் இரண்டு வருடத்துக்கு மேல் எந்த வரவு செலவும் செய்யாவிட்டால் அது செயல்படாத கணக்கு. அதைத் தொடுவதற்கு அதிகாரியின் அனுமதி வேண்டும். அனுமதி முழுக்க அக்கா பெயரில் இருந்தது. விசாரணையில் அந்த அம்மா அழவில்லை, வாதாடவில்லை. "கேட்டாங்க சார், குடுத்தேன். குடுக்கலைன்னா நம்மளச் சந்தேகப்படுறாங்கன்னு நெனச்சுக்க மாட்டாங்களா?" என்றார். ஒரு பைசா அவர் தொடவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பதவி இறக்கமும் ஊதிய வெட்டும் அவருக்கும் வந்தன.

அந்த எழுத்தரைப் பற்றி ஒரு வார்த்தை. நான் அதற்கு முன்பு அந்தக் கிளைக்குப் போயிருந்தபோது 'மிகச் சிறந்த ஊழியர்' என்று குறித்துவைத்திருந்தேன். முதலில் வருவார், கடைசியில் போவார், லீவே போட மாட்டார். சொந்தத் தங்கை கல்யாணத்துக்கு ஒரே ஒரு நாள் போனார் என்று மேலாளர் பெருமையாகச் சொன்னார். கடமையுணர்வு என்றல்லவா அதைப் படித்தேன்? அவர் மஞ்சள் காமாலையில் படுத்த வாரத்தில்தான், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு பையன் தன் அப்பாவின் பழைய பாஸ்புக்கை நீட்டி, மீதிப் பணம் எங்கே என்று கேட்டான். கவுண்டரில் அவர் இருந்திருந்தால் ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பார்.

ஊர் உலகத்துப் பெரிய மோசடிகளிலும் இந்தச் சாயல் உண்டு. 1995-ல் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு, 88888 என்ற கணக்கில் நஷ்டத்தை ஒளித்துவைத்து, 82 கோடி பவுண்டுக்கு மேல் இழந்து பேரிங்ஸ் வங்கியையே கவிழ்த்த நிக் லீசன், வர்த்தகத்தையும் அதைச் சரிபார்க்கும் அலுவலகத்தையும் தானே கவனித்துக்கொண்டவர். இரண்டு சாவியும் ஒரே இடுப்பில். 2008-ல் பிரான்சில் சொசியேத்தே ஜெனரால் வங்கிக்கு 490 கோடி யூரோ நஷ்டம் ஏற்படுத்திய ஜெரோம் கெர்வியேல் விடுமுறை எடுப்பதைத் தவிர்த்து வந்தவர் என்பது பின்னால் வெளியே வந்தது. நம் ரிசர்வ் வங்கியும் 2021-ல் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை வருடத்துக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ச்சியாக 10 வேலைநாட்களுக்குக் குறையாமல் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும், அந்த நாட்களில் வேலை சம்பந்தப்பட்ட எதையும் அவர்கள் தொடக்கூடாது என்பது அதன் சாரம். உழைப்பாளி என்று பெயரெடுத்தவருக்கு இது அவமானமாகப் படுகிறது. "என்னைச் சந்தேகப்படுறீங்களா?" என்று கேட்கிறார்கள். எல்லோரையும் ஒரே மாதிரி அனுப்புவதால்தான் யாரையும் தனியாகச் சந்தேகப்பட வேண்டியதில்லை என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் மற்றவர்கள் கதை. என் கதைக்கு வருகிறேன்.

அதிகாரியான புதிதில், தஞ்சாவூருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் வேலை. ஒரு சாவி மேலாளரிடம், ஒன்று என்னிடம். அப்போதெல்லாம் சனிக்கிழமை அரை நாள் வேலை. ஒரு சனிக்கிழமை மதியம் கணக்கு முடித்துக் கிளம்பும் நேரம், மேலாளருக்குத் தெரிந்த ஒரு மிராசுதார் ஆள் அனுப்பியிருந்தார். மறுநாள் காலையில் அவர் வீட்டில் முகூர்த்தம். பெண்ணுக்குப் போட வேண்டிய நகை எங்களிடம் அடகில். பணம் வந்துகொண்டிருக்கிறது, எப்படியும் இருட்டுவதற்குள் வந்துவிடும். மேலாளர் என்னைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். வாடகைக்கு வீடு பார்த்துக்கொடுத்ததே அவர்தான். "நீ எதுக்குத் தம்பி உட்கார்ந்திருக்கணும்? ஊருக்குப் போறேன்னு சொன்னியே, பஸ்ஸை விட்டுட்டா அப்புறம் நைட்டுதான். சாவிய வச்சிட்டுக் கெளம்பு. நான் பார்த்துக்கிறேன்."

சாவியை மேஜைமேல் வைத்தேன். பதிவேட்டில் எழுதவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. திங்கட்கிழமை எண்ணிப் பார்த்தோம், பைசா குறையவில்லை. கல்யாணமும் நன்றாக நடந்தது, ஒரு தாம்பூலப் பை எனக்கும் வந்தது.

அதை நான் விதிமீறலாக நினைக்கவே இல்லை என்பதுதான் இங்கே சொல்ல வந்தது. ஆய்வாளராக எத்தனையோ பேரைச் 'சாவியை ஒருவரே வைத்திருந்தார்' என்று எழுதியபோதும் அந்தச் சனிக்கிழமை என் நினைவுக்கு வந்ததில்லை. என் மனக்கணக்கில் மீறல் என்பது முறைத்துக்கொண்டு செய்வது. நான் செய்தது கீழ்ப்படிதல். பெரியவர் சொன்னார், கேட்டேன். மாட்டேன் என்று சொல்வது அவரைத் திருடன் என்று சொல்வதுபோல எனக்குத் தோன்றியிருக்கும். அக்கா விசாரணையில் சொன்ன அதே காரணம். விதிக்குப் பயந்தவன் என்று பெயரெடுத்த நான், விதியைவிட மேலாளருக்கும், மேலாளரைவிட அவர் முகம் வாடிவிடுமோ என்பதற்கும் அதிகமாகப் பயந்தவன். என் நேர்மையில் பெரும்பகுதி இந்தப் பயம்தான். யாரும் கேட்காதவரை அதுவும் நேர்மையைப் போலவே நடந்துகொள்ளும்.

இதை எனக்குக் காட்டிக் கொடுத்தது, பயிற்சி மையத்து வகுப்புக்காகப் படித்த ஓர் ஆய்வு. 1963-ல் ஸ்டான்லி மில்கிராம் வெளியிட்ட சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். விஞ்ஞானி ஒருவர் பக்கத்தில் நின்று தொடருங்கள் என்று சொல்ல, அடுத்த அறையில் இருப்பவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும். உண்மையில் மின்சாரம் இல்லை, கொடுப்பவருக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். பிரெஞ்சுத் தொலைக்காட்சி இதையே ஒரு விளையாட்டு நிகழ்ச்சிபோல் நடத்திப் படமாக்கி, 2010-ல் ஒளிபரப்பியது. விஞ்ஞானிக்குப் பதில் நிகழ்ச்சித் தொகுப்பாளர். லோரான் பேக் என்ற உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் அதில் கலந்துகொண்டவர்களைப் பல மாதம் கழித்துத் தொடர்புகொண்டு, நான் எழுதிய தாளைப் போன்ற கேள்விகளைக் கேட்டார்கள். முடிவு 2015-ல் வெளிவந்தது. அதிக அதிர்ச்சி கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் முரடர்கள் அல்லர். கடமையுணர்வும் இணக்கமும் கூடுதலாக உள்ளவர்கள். மறுத்து நிற்கும் அரசியல் போராட்டங்களில் ஈடுபாடு உள்ள பெண்கள் குறைந்த அளவிலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

கடமையுணர்வும் இணக்கமும். என் தாளில் உச்சத்தில் வந்த அதே இரண்டு. மனைவியிடம் இதைச் சொல்லவில்லை.

இதனால் 2007-ன் கணக்கு பொய்யாகிவிடாது. சராசரியில் அது சரிதான். கடமையுணர்வுள்ளவர் தானாகப் போய் மீறுவது குறைவு. ஆனால் மீறு என்று ஒருவர், அதுவும் விதியைக் காக்க வேண்டிய ஒருவரே, அன்பாகக் கேட்டால் அந்தக் குணம் எந்தப் பக்கம் சாயும் என்பது வேறு கேள்வி. வங்கியில் நான் பார்த்த பெரிய சேதங்களில் முதல் வாசல் அந்தக் கேள்வியின் வழியாகத்தான் திறந்தது. பாஸ்வேர்டை யாரும் கத்தியைக் காட்டி வாங்கியதில்லை. 'ஒரு நிமிஷம் அக்கா', 'தம்பி, பஸ்ஸை விட்டுடாதே', இப்படித்தான்.

நல்ல நோக்கத்தோடு விதி மீறுகிறவர்களைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. எலிசபெத் மாரிசன் 2006-ல் எழுதினார். வேலை சுருக்க முடியட்டும் என்றோ, சக ஊழியருக்கோ வாடிக்கையாளருக்கோ உதவட்டும் என்றோ செய்யும் மீறல்கள் அவை. துணிந்து இறங்கும் சுபாவம் உள்ளவர்களிடம் அவை அதிகம். பக்கத்து மேஜைக்காரர் மீறினால் இவரும் மீறுவது அதிகம். ஜேசன் டாலிங்கும் கூட்டாளிகளும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி மீறுகிறவர்களுக்கு மேலதிகாரிகளும் சக ஊழியர்களும் குறைவான மதிப்பெண்ணே போட்டார்கள். ஸ்கூட்டர் காசாளருக்கு நான் போட்ட மதிப்பெண் நினைவுக்கு வந்தது. அவர் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கவே இல்லை, கேட்டால், "எழுதுறது நீங்கதானே சார்" என்றாராம்.

பக்கத்து மேஜை என்பது சாதாரண விஷயமில்லை. குணத்தை மட்டும் வைத்து ஆளை எடை போட முடியாது என்பதற்கு 1928-லேயே பெரிய சான்று வந்துவிட்டது. ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இருவர் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏமாற்ற வாய்ப்பு வைத்துச் சோதித்தார்கள். பரீட்சையில் ஏமாற்றிய பிள்ளை விளையாட்டில் ஏமாற்றவில்லை. ஒரு வகுப்பில் ஒழுங்காக இருந்தது இன்னொன்றில் இல்லை. இந்தப் பிள்ளை திருடன், அந்தப் பிள்ளை யோக்கியன் என்று பெயர் ஒட்ட முடியவில்லை. நம் காசாளரும் அப்படித்தான். பணத்தை வெளியே கொண்டுபோனவர் சாவியை வெளியே விடவில்லை. அவரை எந்தப் பெட்டியில் போடுவது? அக்காவும் கல்லாவில் ஒரு ரூபாய் கூடினால்கூட இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

ஆட்சேர்ப்பில் இப்போது குணத் தேர்வுகள் வைக்கிறார்கள். கடமையுணர்வு கூடுதல், இணக்கம் கூடுதல் என்று வந்தால் 'நல்ல பிள்ளை' என்று எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் அப்படி எடுத்த பிள்ளைகளை மட்டுமே வைத்து ஒரு கிளையை நிரப்பினால், அங்கே மேலாளர் கேட்டதெல்லாம் கிடைக்கும், சாவி உட்பட. என்னைப் போன்ற நான்கு பேர் உள்ள கிளையை ஆய்வு செய்யச் சொன்னால் நான் நகைப் பொட்டலத்தை இரண்டு முறை எண்ணுவேன்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது ஒரு சின்ன உபாயம்தான். இணக்கமான சுபாவத்தை யாராலும் மாற்ற முடியாது, எனக்கே அறுபது வயது வரை மாறவில்லை. தன் பெயரில் மாட்டேன் என்று சொல்ல வராதவருக்கு இன்னொருவர் பெயரில் சொல்ல வரும். "எனக்கு ஒண்ணுமில்ல சார், இன்ஸ்பெக்டர் பார்த்தா உயிரை வாங்கிடுவார்" என்று சொல்லுங்கள். பழியை ஆய்வாளர் மேல் போடுங்கள், அவர்கள் அதற்குத்தான் இருக்கிறார்கள். கேட்டவருக்கும் முகம் வாடாது. ஒரு பெண் எழுந்து, "கேட்கிறது இன்ஸ்பெக்டரா இருந்தா சார்?" என்றாள். அவளுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது.

கிளை மேலாளர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடம் ஒரே வேண்டுகோள். உங்கள் கிளையில் உங்களை எதிர்த்துப் பேசுகிற ஒருவர் இருப்பார். தாமதமாக வருவார், உங்களுக்கு அவரைப் பிடிக்காது. தாமதத்துக்கு மெமோ கொடுங்கள். இரண்டாவது சாவியை அவரிடமே கொடுங்கள்.